பாதையில் நில் என்றாள்

மட்டக்களப்புக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. கல்லூரியில் என்னோடு படித்த யோகேஸ்வரி அங்கே குருக்கள்மடத்தில் இருக்கிறாள். அவளைப் பார்த்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். நேராகப் போய் அவள் வாசலில் நிற்கத் தைரியம் வரவில்லை. அதனால் மூன்று நாள் காட்டையும் குளங்களையும் சுற்றிக்கொண்டு, சைக்கிளில் மெல்லப் போய்ச் சேருவதாக ஏற்பாடு செய்துகொண்டேன். திருச்சியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் முக்கொம்பு வரை சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பழைய வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவள் எண்ணைப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வருகிறேன் என்று ஒரே ஒரு வரி அனுப்பினேன். பதிலுக்குக் குரல் வந்தது. "ஞாயிறு நான் லண்டனுக்கு வெளிக்கிடுறன் உமா. மகளிட்டப் போறன், இனி வருவனோ தெரியா. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அம்பிளாந்துறைப் பாதையில நில்லு. நான் இங்கால இருந்து பாதையில வாறன். மறுகா ஒண்டாப் போவம்." அந்தக் குரலை எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கோபம் இருக்கிறதா என்று தேடித் தேடிக் கேட்டேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

புதன்கிழமை காலை செங்கலடிச் சந்தியில் ரிஸ்வான் இரண்டு சைக்கிள்களோடு காத்திருந்தார். ஏறாவூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கத்தாரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது வெளியூர்க்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விட்டு வழிகாட்டியாகவும் கூட வருகிறார். சந்தையும் பேருந்துகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்த அந்தச் சந்தியில் பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் தின்று, பால் இல்லாத தேநீர் குடித்தோம். அதை அங்கே பிளேன்டீ என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி என் சைக்கிளின் தடித்த டயரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இதென்ன சைக்கிள் தம்பி?"

"கிரவல் பைக்," என்றார் ரிஸ்வான் பெருமையாக.

அவர் சைக்கிளைச் சுற்றி வந்தார். குனிந்தும் பார்த்தார். "கிரவலை எங்க வச்சு ஏத்துற?" என்று கேட்டார். அந்த ஊரில் கிரவல் என்றால் லாரியில் அள்ளிவந்து ரோட்டுக்குக் கொட்டும் சரளை மண். கடையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். உள்ளே இருந்த பயத்துக்கு அது நல்ல மருந்தாக இருந்தது.

பதுளை வீதியில் கொஞ்ச தூரம்தான் வண்டிகள். அப்புறம் செம்மண் சரளைத் தடத்தில் இறங்கினோம். இறங்கியதும் சத்தம் நின்றது. திருச்சியில் நாற்பது வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். பின்னால் யார் ஹாரன் அடிக்கிறான் என்று முதுகே கவனித்துக்கொண்டிருக்கும். இங்கே முதுகுக்கு வேலை இல்லாமல் போனது. டயர் சரளையை நெரிக்கும் சத்தம், எங்கோ ஒரு மயில், யானை வேலியின் கம்பிகள், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் எங்களைக் கடந்தது ஒரு டிராக்டரும் அதன் மேல் உட்கார்ந்திருந்த நாய் ஒன்றும். இந்த மாதிரி ரோட்டில் ஒரு தொல்லை உண்டு. கவனிக்க வேறொன்றும் இல்லாததால் மனசு தன் பழைய வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

யோகி திருச்சிக்கு வந்தது மாமா குடும்பத்தோடு. ஊரில் இருக்க முடியாமல் வந்தவர்கள். தென்னூரில் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். என்னிடம் நீல நிறத்தில் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. தினமும் தென்னூர் பஸ் ஸ்டாப்பில் அவள் நிற்பாள், நான் வேகத்தைக் குறைப்பேன், ஓடிவந்து கேரியரில் ஏறிக்கொள்வாள். முழுதாக நிறுத்தக்கூட வேண்டாம், அவ்வளவு பழக்கம். பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வருவாள். எங்கள் ஊரில் 'அப்புறம்' என்று சொல்லும் இடத்தில் அவள் 'மறுகா' என்பாள். வகுப்பில் அவளுக்கு மறுகா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நானும்தான் கூப்பிட்டேன்.

ஒரு வருடம் ஊரின் பார்வை மாறியது. இலங்கைத் தமிழர் என்றால் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். "அந்தப் பொண்ணோட இனிமே உன்னை ரோட்டுல பார்க்கக் கூடாது," என்றார் அப்பா. மறுநாள் காலை அவள் வழக்கம்போல் நின்றாள். நான் வருவதைப் பார்த்து, ஏறுவதற்காக ஓரடி முன்னால் வந்தாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணைப் பார்த்தேன், பார்த்தபடியே போய்விட்டேன். அடுத்த நாளிலிருந்து வேறு தெரு வழியாகப் போனேன். இரண்டு மாதத்தில் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அப்பா மேல் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அது ஒட்டவில்லை. ஹேண்டில் என் கையில்தான் இருந்தது.

அன்று இரவு தங்கியது கரடியனாற்றில், ரிஸ்வானுக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில். சிவப்பரிசிப் பிட்டு, குளத்து மீன் குழம்பு, கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். வீட்டுக்கார அம்மா அகப்பையால் வெட்டி எடுத்து வைத்தார். "இந்தியாவில தயிர் இல்லையா தம்பி, இவ இப்பிடித் தின்னுறா?" என்று ரிஸ்வானிடம் கேட்டார். இருக்கிறது அம்மா, ஆனால் பாக்கெட்டில் இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து இன்னும் ஒரு துண்டு வைத்தார்.

வியாழக்கிழமை காட்டுக்குள். பாலை மரங்களும் வீரை மரங்களும் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்க, நடுவில் ஒரு சிவப்புத் தடம். ஓரிடத்தில் ரிஸ்வான் கையைத் தூக்கி நிறுத்தினார். தடத்தின் நடுவே யானை லத்தி. செருப்பைக் கழற்றி, காலால் தொட்டுப் பார்த்தார். "சூடு இரிக்கி," என்றார். அரை மணி நேரம் ஒரு மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். யானை வரவில்லை. எறும்பு வந்தது. அந்த மரத்தில் பாலைப்பழம் உதிர்ந்து கிடந்தது. சின்னதாக, மஞ்சளாக, தேன் மாதிரி. பத்துப் பதினைந்து தின்ற பிறகு என் உதடுகள் இரண்டும் பசை வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டன. அந்தப் பழத்தின் குணமே அதுதானாம். அதை முன்கூட்டியே சொல்லாததற்கு ரிஸ்வானைத் திட்டவும் முடியவில்லை, வாய் திறந்தால்தானே.

காடு முடிந்த இடத்தில் உன்னிச்சைக்குளம். எங்கள் ஊரில் குளம் என்றால் நான்கு பக்கம் படிக்கட்டும் நடுவில் பாசியும் நினைவுக்கு வரும். இங்கே அக்கரை தெரியவில்லை. அணைக்கட்டின் மேல் சரளைத் தடம் போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். தண்ணீருக்குள் பட்டமரங்கள், அவற்றின் மேல் இறக்கையை விரித்து உலர்த்தும் நீர்க்காகங்கள். நான் ஹேண்டிலை விட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு ஓட்டினேன். ஐம்பத்துநான்கு வயதில் செய்யக் கூடாத வேலை. சந்தோஷமாக இருந்தது, அதனால் செய்தேன். கொஞ்ச தூரத்தில் முள் குத்தி டயர் போயிற்று. அதுவும் நல்லதுதான். ரிஸ்வான் பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்கியதும் வழி இரண்டாகப் பிரிந்தது. வரப்பில் நின்ற ஒருவரிடம் நானே முந்திக்கொண்டு கேட்டேன். "வட்டைக்குள்ளால போங்கம்மா, அது கிட்டடி," என்றார். நான் வட்டமாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். வட்டை என்றால் வயல்வெளி என்று ரிஸ்வான் சொன்னதும்தான் நினைவுக்கு வந்தது, இந்தச் சொல்லுக்கும் நாங்கள் சிரித்திருக்கிறோம். 'எங்கட வட்டை' என்று யோகி ஒருமுறை வகுப்பில் சொல்லப் போய், ஒரு வாரம் அவளைக் கண்டால் எல்லோரும் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினோம். அவள் ஒருத்தி பேசியதால் வேடிக்கையாக இருந்த தமிழை இங்கே வயல்காரரும் கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே வேடிக்கை மனுஷி நான்தான். யார் வாயைத் திறந்தாலும் எனக்கு யோகியின் குரல் கேட்டது. அவளுடைய பத்தொன்பது வயதுக் குரல். அந்த மதியம் நான் அவளுக்காக ரொம்பவும் ஏங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டோம். கொக்கட்டிச்சோலையைத் தாண்டி ஒரு மருதமர நிழலில் நின்றபோது ரிஸ்வானுக்கு போன் வந்தது. பேசி முடித்தவர் துள்ளிக் குதித்தார்.

"அக்கா, எங்கட தாத்தாக்குப் புள்ள கிடைச்சிட்டாம்!"

எந்தப் பிள்ளை தொலைந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் மரியாதைக்கு, "அப்பாடா, எங்கே கிடைத்தது?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில. ஆம்புளப் புள்ள."

"தாத்தாவுக்கு வயசென்ன?"

"முப்பத்தெட்டு," என்றார். என் முகத்தைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்காவாம். பிள்ளை கிடைத்தது என்றால் பிரசவம் ஆனதாம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவரை என்னோடு வா என்று இழுக்க மனசு வருமா? போய்வாருங்கள் என்றேன். சைக்கிளைத் தோழியின் வீட்டில் விட்டால் மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "இந்த வட்டை முடியிற வரைக்கும் நேராப் போங்க அக்கா. பாதை வந்திரும். அதுல ஏறினாச் சரி, அங்கிட்டு குருக்கள்மடம்தான்," என்று சொல்லிவிட்டு வந்த வழியே பறந்தார்.

தனியாக ஓட்டினேன். சிறுபோக நெல் பால் பிடித்திருந்தது. வாய்க்கால் கரையில் ஒரு தடம், அதில் என் டயர் மட்டும். சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். யோகி, அன்றைக்கு நான், என்று ஆரம்பிப்பேன். அதற்கு மேல் போகாது. ஒரு கொக்கு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

வட்டை முடிந்தது. சரளைத் தடம் ஒரு தார் ரோட்டில் போய் ஏறியது. அம்பிளாந்துறை என்று பலகை. மணி நாலாகப் பத்து நிமிடம். நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். பாதையில் நில் என்றாள், இதோ பாதை. ஒரு தேநீர்க் கடைக்கு எதிரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

நாலு மணி. நாலேகால். நாலரை. மோட்டார் சைக்கிள்கள் போயின. ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்தது, அவளாக இருக்கும் என்று முன்னால் போனேன், ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். அவள் வரப்போவதில்லை. ரோட்டோரத்தில் நிற்க வைத்துவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டுகிறாள். சரிதானே. இதற்கு நான் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் அழுகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விடுவாள், நான் சொல்லாமலே சாவேன் என்று நினைத்தேன். சைக்கிளைத் திருப்பி, காலைத் தூக்கிப் போட்டேன்.

"என்னகா, ஒரு மணித்தியாலமா நிக்கிறீங்க. ஆரைப் பார்க்கிறீங்க?"

தேநீர்க் கடைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்திருந்தாள்.

"தோழி ஒருத்தி. குருக்கள்மடத்திலிருந்து வருகிறேன் என்றாள். அம்பிளாந்துறைப் பாதையில் நிற்கச் சொன்னாள்."

"பாதையிலயா?" அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், ரோட்டை ஒருமுறை பார்த்தாள். "இது றோட்டெல்லோ! பாதை அங்க, துறையில."

"இது பாதை இல்லையா?"

"ஆத்தைக் கடக்கிறதுக்கு ஒரு மிதவை இருக்கே, மோட்டார் சைக்கிள், வான் எல்லாம் ஏத்திக்கொண்டு போறது? அதைத்தான் நாங்க பாதை எண்டுற. வாவியில றோட்டா போடேலும்?" சொல்லிக்கொண்டே என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். "ஓடுங்ககா! பொழுது படக்க கடைசிப் பாதை போயிரும். அங்கால இருந்து வந்தவங்க திரும்பிப் போயிருவாங்க!"

மூன்று நாளில் அப்படி மிதித்ததில்லை. ரோடு வளைந்து சரிந்தது. தென்னைகளுக்கு அப்பால், அவர்கள் ஆறு என்றும் வாவி என்றும் சொல்லும் உப்பங்கழி விரிந்தது, வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்க மஞ்சள். துறையில் இரும்பால் ஆன தட்டையான பெரிய மிதவை கரையோடு சேர்ந்து நின்றது. இரண்டு மோட்டார் சைக்கிள்களும் ஒரு மூட்டை நெல்லும் ஏற்றியாகிவிட்டது. ஒருவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டி ஒரு பெண் நின்றிருந்தாள். தலை முழுக்க நரை, கையில் குடை. ஒரு காலில் எடையைப் போட்டு மறுகாலைக் கொஞ்சம் மடக்கி நின்ற அந்த நிலை. அதற்கு வயதாகவில்லை.

"யோகி!" என்று கத்தினேன். வாவியில் இருந்த பறவைகள் எழும்பின. அவள் திரும்பினாள். கயிற்றுக்காரர் மறுபடி இழுத்துப் பிடித்தார். சைக்கிளோடு பலகையில் ஏறினேன்.

அவள் கட்டிப்பிடிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். செம்மண் புழுதி, கலைந்த தலை, அழுத மூக்கு.

"மூண்டு தரம் அங்கயும் இங்கயும் போய் வந்திட்டன். அக்கா காத்து வாங்குறீங்களோ எண்டு பாதைக்காரர் பகிடி பண்ணுறார். எங்க நிண்டாய்?"

"பாதையில். மேலே. தார் ரோட்டில்."

"றோட்டில ஏன் நிண்டாய்? பாதையில எல்லோ நிக்கச் சொன்னன்?" சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைக் குடைப்பிடியால் மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மிதவை கரையை விட்டு விலகியது.

"போன் பண்ணினேன்."

"போன் வீட்ட, சார்ஜில கிடக்கு. நீ வரமாட்டாய் எண்டு நினைச்சிட்டன்."

"நீ வேண்டுமென்றே வரவில்லை என்று நான் நினைத்தேன்."

"நான் ஏன் வேணுமெண்டு வராம விடுற?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். சொல்வதற்கு மூன்று நாள் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. "தென்னூர் பஸ் ஸ்டாப்," என்றேன். "நீ நின்றாய். உன்னைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன். அப்பா சொன்னார், ஆனால் அப்பா அங்கே இல்லை. நான்தான் நிறுத்தாமல் போனேன்."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவாவிக்கு வந்துவிட்டோம்.

"தெரியும்," என்றாள். "ஆனா அண்டைக்கு எனக்கு விளங்கல்ல. ஏதோ அவசரமாக்கும் எண்டு நினைச்சன். அடுத்த நாளும் வந்து நிண்டனான். அதுக்கு அடுத்த நாளும். நாலு நாள் நிண்டனான் உமா. மாமாதான் ஆரோ சொல்லிக் கேள்விப்பட்டு, அந்தப் பிள்ளை வேற தெருவால போகுதாம், நீ நிக்காத எண்டார்."

அந்த நாலு நாள் எனக்குத் தெரியாது. நான் வேறு தெருவில் போய்க்கொண்டிருந்தேன். அவள் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு நாளைத்தான் நான் இத்தனை வருடம் சுமந்திருக்கிறேன், மற்ற நாட்களை அவளே வைத்திருந்திருக்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மோட்டார் சைக்கிள்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"என்னை மன்னிச்சிடு யோகி."

"உடன ஓம் எண்டு சொல்ல எனக்கு வராது," என்றாள். கோபம் இல்லாமல், சோறு வெந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். "பொய்யாச் சொல்லி உன்னை அனுப்பவும் விருப்பமில்ல."

குருக்கள்மடக் கரை வந்தது. மோட்டார் சைக்கிள்கள் இறங்கிப் போயின. நெல் மூட்டையை ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்டார். நாங்கள் இருவரும் கடைசியாக இறங்கினோம். வீடு நடக்கிற தூரம்தான் என்றாள். நான் சைக்கிளை உருட்ட, அவள் மறுபக்கம் நடந்தாள். பத்தடி போய் நின்று, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ஞாயிறு விடிய எயார்போட் வான் வந்துதான் என்னை ஏத்திக்கொண்டு போகும். அது மட்டும் நிப்பியா?"

அது மட்டும் என்றால் அதுவரை, நிற்பது என்றால் அங்கே தங்குவது. இந்த முறை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை மாலைப் பேருந்துக்கு என்னிடம் டிக்கெட் இருந்தது.

"நிற்கிறேன் யோகி," என்றேன்.